கோடெல்லாம் முழுசா இருக்கு, நெட்தான் இல்லை

மத்தூர்ப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. டிஸ்பாட்ச் அறையில் மணி இரண்டைத் தாண்டிவிட்டது. வாசலில் லாரி தார்ப்பாய் கட்டித் தயாராக நிற்கிறது. சரக்கு கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி வழியாகக் கர்நாடகத்துக்குள் போக வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைக் கடக்க 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் கட்டாயம். பில் போட நெட் வேண்டும்.

"கோடெல்லாம் முழுசா காட்டுது சார், ஆனா நெட் இல்லைங்குது" என்கிறார் அப்போதுதான் லேப்டாப்பைத் திறந்த இரண்டாம் ஷிப்ட் சூப்பர்வைசர். டிரைவர் அண்ணன் இரண்டாவது டீக்குப் போய்விட்டார். முதலாளி வழக்கம்போல நெட் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

கொஞ்ச காலம் நெட்வொர்க் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ரௌட்டரில் கேபிளைச் செருகியிருந்த அக்கவுண்ட்ஸ் கணினியில் போய்ப் பார்த்தேன், நெட் பறக்கிறது. அப்படியென்றால் நெட் கம்பெனிக்காரர் திட்டு வாங்குவது அநியாயம். சூப்பர்வைசரின் லேப்டாப்பில் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியது. முகவரி கேட்டுக் கிடைக்காத விண்டோஸ் கணினி தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் எண் அது.

சாதாரண ரௌட்டரிடம் பங்கிட்டுக் கொடுக்க 250 சொச்சம் முகவரிகள்தான் உண்டு. இங்கே மூன்று ஷிப்டும் சேர்த்து முன்னூறுக்கு மேல் ஆட்கள். பாஸ்வேர்ட் கேன்டீன் வரைக்கும் தெரியும். கொடுத்த முகவரி 24 மணி நேரம் செல்லும் என்று ரௌட்டரில் வைத்திருந்தார்கள். காலை ஷிப்ட் ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியே விட்டார். அவர் போனுக்குக் கொடுத்த முகவரி மட்டும் மறுநாள் காலை வரை அவர் பேரிலேயே கிடக்கிறது. சூப்பர்வைசர் நேற்று இரண்டு மணிக்கு வாங்கியது இன்று இரண்டு மணிக்குக் காலாவதி. இவர் லேப்டாப்பைத் திறப்பதற்குள், அதே ஷிப்டுக்கு உள்ளே வந்த யாருடைய போனோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தினமும் ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும் நெட் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். முகவரியின் ஆயுளை ஒரு மணி நேரமாகக் குறைத்து, ஊழியர் போன்களைத் தனி வலைக்கு மாற்றினால் போதும். காசு செலவில்லை.

முகவரி கிடைத்துவிட்டாலும் தொல்லை தீராது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விலை கூவலாம். காற்றலையில் அப்படிக் கூவினால் யார் சொன்னதும் யாருக்கும் போய்ச் சேராது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு 1971-இல் இயக்கிய அலோஹாநெட் என்ற கம்பியில்லா வலையில் ஒவ்வொரு கணினியும் நினைத்த நேரத்தில் பேசும். மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடி பேசும். கணக்குப்படி அந்த முறையில் காற்றின் நேரத்தில் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்படாது. வைஃபை அதன் பேரப்பிள்ளை; பேசுமுன் காதுகொடுத்துக் கேட்கும் நாகரிகம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கூட்டம் பெருகினால் கேட்பதிலும் காத்திருப்பதிலுமே பொழுது போய்விடும்.

இதில் மெதுவாகப் பேசுபவர் வேறு இருக்கிறார். ஸ்டோர்ஸ் கோடியில், தகரச் சுவருக்கு அந்தப் பக்கம், பழைய பார்கோடு ஸ்கேனர் ஒன்று நொடிக்கு 1 மெகாபிட்டில் முனகிக்கொண்டிருக்கும். 1,500 பைட் அனுப்ப அதற்கு 12 மில்லிசெகண்ட் ஆகும். 54 மெகாபிட்டில் பேசும் கருவிக்குக் கால் மில்லிசெகண்ட்கூட வேண்டாம். ஸ்கேனர் பேசி முடிக்கும் வரை மற்ற எல்லோரும் வாய்மூடி நிற்க வேண்டும். வைஃபை வீசும் டப்பாவான ஆக்சஸ் பாயின்ட் ஒன்றில் 2,007 கருவிகள் வரை இணையலாம் என்று தரவிதி சொல்கிறது. அட்டைப்பெட்டியிலும் நூற்றுக்கணக்கில் அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணை நம்பி வாங்குபவரைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம்தான் வரும். வேலை நடக்கும் ஆபீசில் முப்பது, நாற்பது பேருக்கு ஒரு டப்பா என்று கணக்குப் போடுவதுதான் புத்தி.

பெரிய இடத்திலும் இந்தக் கதைதான். 2010 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஐபோன் 4-ஐக் காட்டிக்கொண்டிருந்த ஸ்டீவ் ஜாப்ஸுக்கு நெட் கிடைக்கவில்லை. அரங்கத்துக்குள் 570 வைஃபை நிலையங்கள் ஓடுகின்றன என்று கண்டுபிடித்து, வந்திருந்தவர்களிடம் லேப்டாப்பை மூடுங்கள், வைஃபையை அணையுங்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் வைத்திருந்ததன் பலன்.

ஆனாலும் நம்மூர் முதலாளிகள் நெட் போனால் செய்வது, இன்னொரு டப்பா வாங்கி முழு பவரில் மாட்டுவது. டப்பா கத்துவது போனுக்குக் கேட்கும். போன் முனகுவது டப்பாவுக்குக் கேட்காது. அதனால்தான் கோடு முழுசாக இருந்தும் இணைப்பு அறுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. பக்கத்து ஷெட்டுக்காரர் டப்பாவும் அதே மூன்றில்தான் ஓடும். 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2018 அக்டோபரிலேயே அரசு திறந்துவிட்டது. டிஸ்பாட்ச் லேப்டாப்பை அங்கே மாற்றினால் பாதி நெரிசல் தீரும். அதைவிட நல்லது, நகராத கணினிக்கெல்லாம் கேபிள் இழுப்பது.

இத்தனையும் முதலாளியிடம் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே, புது டப்பா என்ன விலை என்று கேட்டார். லாரி மூன்றேகாலுக்குக் கிளம்பியது. பில்லை டிரைவர் அண்ணனின் போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டார்கள்.