வடநெம்மேலிக்கு ஒரு நாள்: புறப்படுமுன் செய்ய வேண்டியவை

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் சில வாரங்களில் எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஒரு நாள் எங்காவது வெளியே போய் வரலாமா?" அருகில் நிற்கும் மகளோ மனைவியோ, வேண்டாம் என்று நாங்கள் சொல்லிவிட மாட்டோமா என எதிர்பார்ப்பார். உடல்நிலை சீராக உள்ள பெரும்பாலோர் தக்க ஆயத்தத்துடன் சென்று வரலாம் என்பதே எங்கள் விடை. அவ்வாறு செல்வதற்கேற்ற இடம் ஒன்றை இவ்விதழில் அறிமுகப்படுத்துகிறோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தினுள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. ஒரு காலத்தில் பாம்புத்தோல் வணிகத்தை நம்பி வாழ்ந்த இருளர் பலர், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பிழைப்பை இழந்தனர். 1978இல் தொடங்கப்பெற்ற இச்சங்கம் அவர்தம் அறிவுக்குப் புதுவழி காட்டிற்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிருடன் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுத்தபின், அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே விஷமுறிவு மருந்து செய்யப்படுகிறது. மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் உள்ள அச்சிறு குப்பிக்குப் பின்னால் இருளர் கைகள் இருக்கின்றன. அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவர் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டனர். 2023இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றனர்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதியினர் வெளிவட்டச் சாலை வழியே வண்டலூரை அடைந்து, கேளம்பாக்கம், கோவளம் வழியாகச் செல்லலாம். விடுமுறை நாளையும் நஞ்செடுப்பைக் காணும் நேரத்தையும் முன்னதாகக் கேட்டறிந்து புறப்படுதல் நலம். சனவரி, பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. காலையில் சென்று, உச்சி வெயிலுக்கு முன் திரும்பிவிடுங்கள்.

முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும், புற்றுநோய் மருந்தால் வெள்ளணு குறைந்தோரும், பாதத்தில் ஆறாத புண் உடையோரும் பயணத்தைத் தள்ளிவைப்பதே நன்று. இதய நோயாளிகளும் சிறுநீரக நோயாளிகளும் அன்று எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். 'வெயிலாயிற்றே, நிறையக் குடி' என்ற பொது அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. நீர் வெளியேற்றும் மாத்திரை உண்போர் அதை அன்று எப்போது உண்பது என்பதையும் கேளுங்கள். தாமாக நிறுத்த வேண்டா.

நீரிழிவு உள்ளவர்கள் உணவு வேளையைத் தவறவிடலாகாது. எலுமிச்சைச் சாதமோ இட்லியோ கட்டிக்கொள்ளுங்கள். தலைசுற்றலும் வியர்வையும் தோன்றினால் உடனே உண்ணச் சர்க்கரையோ குளுக்கோஸோ சட்டைப்பையில் இருக்கட்டும். இன்சுலினைக் காரில் வெயிலில் விட்டுச்செல்லாதீர்கள். பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைப்பதும் கெடுதலே. பாதம் மரத்துப்போனோர் சுடுமணலை உணரமாட்டார்கள். ஆதலால் காலுறையும் மூடிய காலணியும் அவசியம். வீடு திரும்பியதும் உடனிருப்பவர் பாதங்களைப் பார்த்துவிட வேண்டும். அன்றைய மாத்திரைகளுடன் மருந்துச் சீட்டின் நகலும் கையில் இருக்கட்டும்.

அங்கே பணிபுரிவோர் வித்தை காட்டுவோர் அல்லர்; தேர்ந்த தொழிலாளர். படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள். பழங்குடியினரின் மூலிகை அறிவு மதிப்பிற்குரியது. எனினும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், எந்த மூலிகையையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஏரிகளும் புதர் மண்டிய மனைகளும் நிறைந்த நம் பகுதியில் மழைக்காலத்தில் பாம்பு வருவது புதிதன்று. எவரையேனும் கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு முதலியவற்றைக் கழற்றுங்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ இல்லாதிருக்கலாம். அதனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருபோதும் காத்திராதீர்கள். இருளர் அரும்பாடுபட்டு எடுத்த நஞ்சு மருந்தாகி மருத்துவமனையில் காத்திருக்கிறது. உரிய நேரத்தில் வந்து சேர்வது நம் பொறுப்பு.