"சர்வீஸ் சென்டர்ல போய் பாருங்க": கெட்டுப்போன பார்ட்டுக்கு யார் பொறுப்பு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு கோடிங் பத்திப் பேசப் போறதில்ல. ஒரு மதர்போர்டு பத்திப் பேசலாம். அதுல நான் தோத்த கதை.

போன வருஷம் என் தம்பி வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் வேலை ஆரம்பிச்சான். முதல் கிளையண்ட் கிடைச்ச சந்தோஷத்துல, ரிச்சி ஸ்ட்ரீட் போய் பார்ட்ஸ் வாங்கி நானே பி.சி. அசெம்பிள் பண்ணேன். ஆன் பண்ணா, போட்ட ராம்ல பாதிதான் காட்டுது. மாத்தி மாத்திப் போட்டும் ரெண்டு ஸ்லாட் வேலை செய்யவே இல்ல.

மறுநாள் கடைக்குப் போனோம். "போர்டு எல்லாம் நாங்க மாத்தித் தர மாட்டோம் தம்பி, சர்வீஸ் சென்டர்ல போய் பாருங்க"ன்னாரு கடைக்காரர். சர்வீஸ் சென்டர்ல லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு, "சாக்கெட்ல பின் வளைஞ்சிருக்கு. பிசிகல் டேமேஜ். வாரண்டி கிடையாது"ன்னாங்க. திரும்பக் கடைக்கு வந்தா, "நாங்க சீல் பாக்ஸ்தானே குடுத்தோம்!"

அந்த பின்னை வளைத்தது நானா, இல்லை வரும்போதே அப்படி வந்ததா? இன்றுவரை எனக்கே தெரியாது. பாக்ஸைத் திறந்தபோது சாக்கெட்டை ஒரு போட்டோ எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். 11,000 ரூபாய் போனது. தம்பி அந்த வேலையை நேரத்துக்கு முடித்துக் கொடுக்க முடியவில்லை.

பின் ஏன் பிரச்சனை?

இப்போது வரும் இன்டெல் போர்டுகளிலும், ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 போர்டுகளிலும் பின்கள் பிராசஸரில் இல்லை, மதர்போர்டு சாக்கெட்டில் இருக்கின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட, முடி மாதிரி மெல்லிய பின்கள். பிராசஸரை லேசாகச் சாய்த்து வைத்தாலே ஒன்று வளையும். அந்தப் பின் ராம் பக்கம் போகும் இணைப்பாக இருந்தால், ரெண்டு ஸ்லாட் செத்துவிடும்.

வாரண்டி என்பது தயாரிப்பில் நேர்ந்த குறைக்கான வாக்குறுதி. கையால் ஏற்பட்ட சேதத்துக்கு அது பொருந்தாது. அது நியாயம்தான். ஆனால் வளைந்த பின்னைப் பார்த்து யார் வளைத்தது என்று சொல்ல முடியாது. சண்டை முழுக்க அந்த இடத்தில்தான்.

நியூஎக் கதை

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் கேமர்ஸ் நெக்சஸ் என்ற யூட்யூப் சேனல். ஹார்டுவேர் பரிசோதிப்பதே அவர்கள் தொழில். நியூஎக் என்ற பெரிய ஆன்லைன் கடையில் சுமார் 500 டாலருக்கு ஒரு கிகாபைட் மதர்போர்டு வாங்கினார்கள், ஓப்பன் பாக்ஸ் விற்பனையில். பிறகு தேவையில்லை என்று, பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினார்கள். பின் சேதமாகியிருக்கிறது என்று சொல்லி நியூஎக் பணம் தர மறுத்துவிட்டது.

2022 பிப்ரவரியில் விஷயம் பெரிதாக வெடித்தது, பணமும் திரும்ப வந்தது. ஆனால் அந்த போர்டோடு ஒரு ஸ்டிக்கரும் வந்திருந்தது. கேமர்ஸ் நெக்சஸ் வாங்குவதற்கு முன்பே நியூஎக் அதே போர்டை கிகாபைட்டுக்கு அனுப்பியிருக்கிறது. 100 டாலர் கொடுத்தால் சரிசெய்கிறோம் என்று கிகாபைட் சொல்லியிருக்கிறது. சரிசெய்யாமலேயே அதை மறுபடி விற்றிருக்கிறார்கள்.

ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் உண்மை வெளியே வந்தது, லட்சக்கணக்கில் பார்வையாளர்கள் இருந்ததால் பதில் வந்தது. நம்மகிட்ட ரெண்டுமே இல்ல. நம்மகிட்ட இருக்கிறது சட்டமும் பில்லும்தான்.

கடைக்காரர் கைகழுவ முடியுமா?

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. பிராண்ட், டிஸ்ட்ரிபியூட்டர், டீலர், அப்புறம் நாம என்று சரக்கு கைமாறி வருகிறது. டீலருக்குக் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். அவர் கையிலிருந்து புது போர்டு கொடுத்துவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டர் ஈடு கட்டும்வரை அந்தப் பணம் முடங்கும்.

ஆனால் நாம் காசு கொடுத்தது கடைக்காரரிடம். 1930-ம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமே, விற்கிற பொருள் விற்பனைக்கு உகந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன்னும் நேராகப் பேசுகிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள் பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரியைக் காட்டி, குறையுள்ள பொருளைக் கடை தட்டிக்கழிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. தயாரிப்புக் குறைக்கு டீலரை விட்டுவிட்டு, கம்பெனியை மட்டும் பொறுப்பாக்கிய தீர்ப்புகளும் உண்டு. அதனால் புகார் கொடுக்கும்போது கடை, டிஸ்ட்ரிபியூட்டர், பிராண்ட் மூவரையும் எதிர் தரப்பாகச் சேருங்கள். யார் பொறுப்பு என்று அவங்க ஆணையத்துல சொல்லிக்கட்டும், நம்மை அலைய விட வேண்டாம்.

"பில் வேணுமா, வேணாமா?"

ரிச்சி ஸ்ட்ரீட் போனவங்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். பில் வேண்டாம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம். 10,000 ரூபாய் பார்ட்டில் 1,800 ரூபாய். ஆசையாத்தான் இருக்கும். ஆனால் எந்தக் கடையில், எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பதற்கு அதன்பின் உங்களிடம் ஒன்றுமே இருக்காது.

இன்னொரு தந்திரம், நண்பரோட கம்பெனி ஜி.எஸ்.டி. நம்பர்ல பில் போடுறது. வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் இந்தச் சட்டப்படி நுகர்வோர் இல்லை. சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கினால் விலக்கு உண்டு, என் தம்பி மாதிரி. ஆனால் பில்லே கம்பெனி பெயரில் இருந்தால் எதிர் தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

பாக்ஸா, ட்ரேயா என்றும் கேளுங்கள். ட்ரே பிராசஸர் என்பது பி.சி. தயாரிப்பாளர்களுக்கு மொத்தமாகப் போகும் சரக்கு. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில நிலைகுலைந்தபோது, பாக்ஸில் வந்தவற்றுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்து நேரடியாக உதவியது. ட்ரே வாங்கியவர்களை, வாங்கிய இடத்தில் கேட்கச் சொன்னது. அந்த இடம் பில் இல்லாத கடையா இருந்தா, அவ்வளவுதான்.

என்ன செய்யணும்?

பாக்ஸைத் திறப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சீல், சீரியல் நம்பர், சாக்கெட் மூன்றும் கிட்டத்தில் தெரியணும். முடிந்தால் கடையிலேயே சாக்கெட் மூடியைத் திறந்து கடைக்காரர் முன்னால் பாருங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள்.

குறை தெரிந்ததும் வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அன்றைக்கே எழுதுங்கள். கவுண்டரில் பேசியதற்குச் சாட்சி இல்லை. சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது பொருளின் நிலையை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். நான் வாங்கல. அவங்க மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்ததுன்னும் எனக்குத் தெரியாது.

பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போகணும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. ஆன்லைனில், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டம் சொல்லும் காலம் மூன்று மாதம், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து. நடைமுறையில் அதைத் தாண்டும். 2,000 ரூபாய் ராமுக்கு அவ்வளவு தூரம் போவீங்களா என்பது உங்க முடிவு. ஆனா போக முடியும்னு கடைக்காரருக்குத் தெரிஞ்சாலே பேச்சு மாறும்.

என் தம்பி இப்போ வேற கிளையண்டுக்கு வேலை செய்றான். போன மாசம் எஸ்.எஸ்.டி. வாங்கினான். பாக்ஸைப் பிரிக்கும்போது போனை என் கையில குடுத்து, "அண்ணா, நிறுத்தாம எடு"ன்னான்.

உங்களுக்கும் இப்படி ஒரு வாரண்டி சண்டை நடந்திருந்தா, வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.