ரயில் போர்டு கேம் மேப்: ஊர்களை எங்கே வைப்பது?

'டிக்கெட் டு ரைடு' ஆடிப் பழகியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, சொந்தமாக ஒரு மேப் போட்டுப் பார்ப்பது. எடிட்டரில் ஒரு புள்ளி வைத்து, பெயர் கொடுத்தால் ஊர் ரெடி. ஆனால், ஆட்டம் விறுவிறுப்பா, சொதப்பலா என்பதை அந்தப் புள்ளிகள்தான் முடிவு செய்யும்.

எத்தனை ஊர்?

ஆலன் ஆர். மூன் உருவாக்கி, 2004-ல் வெளியான அமெரிக்க மேப்பில் 36 ஊர்கள். ஒருவருக்கு 45 ரயில் பெட்டிகள். ஊர்களை அள்ளித் தெளித்தால் யாரும் யார் வழியிலும் குறுக்கே வர மாட்டார்கள். அப்புறம் போட்டி ஏது?

எவ்வளவு இடைவெளி?

1 பெட்டிப் பாதைக்கு 1 பாயின்ட், 6 பெட்டிப் பாதைக்கு 15. குட்டையும் நெட்டையுமாகப் பாதைகள் கலந்து வர, ஊர்களை நிஜ இடத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தலாம், தப்பில்லை.

எத்தனை வழி?

இதுதான் முக்கியம். மயாமிக்கு மூன்று வழிகள், லாஸ் வேகாஸுக்கு இரண்டே இரண்டு. நாஷ்வில் - அட்லாண்டா இடையே 1 பெட்டி அளவுள்ள ஒற்றைப் பாதை. ஒருவர் பிடித்துவிட்டால் மற்றவர்கள் சுற்றித்தான் போகணும். இப்படிச் சில இடங்கள் இருந்தால் சுவாரஸ்யம். எல்லா ஊரும் இப்படியே இருந்தால், டிக்கெட்டை முடிக்க முடியாமல் புதியவர்களின் பாயின்ட் மைனஸுக்குப் போய்விடும்.

பிரின்ட் எடுக்கும் முன்பு ஒவ்வொரு ஊரிலும் விரல் வைத்து வழிகளை எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால், இன்னொரு கோடு போட்டுவிடுங்கள்.