மகனின் பொம்மை, அப்பாவின் கதை

1921-இல் லண்டனில் கிறிஸ்டோபர் ராபின் என்ற குழந்தைக்கு முதல் பிறந்தநாள் பரிசாக ஒரு கரடி பொம்மை கிடைத்தது. அவன் வளர வளர, அம்மாவும் அவனும் பொம்மைகளுக்குக் குரல் கொடுத்து விளையாடினார்கள். அந்த விளையாட்டிலிருந்தே அப்பா ஏ. ஏ. மில்ன் கதைகளைப் பின்னினார். லண்டன் மிருகக்காட்சிசாலையில் மகன் பார்த்து மகிழ்ந்த வின்னி என்ற நிஜக் கரடியின் பெயர் பொம்மைக்கும் வந்தது. 1926-இல் 'வின்னி த பூ' புத்தகமானது. அதன் ஓவியர் ஷெப்பர்டோ, தம் மகனின் கரடி பொம்மையைப் பார்த்துப் படம் வரைந்தார். கிறிஸ்டோபரின் பொம்மை இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. இன்றிரவு உங்கள் பிள்ளையின் பொம்மையும் பேசட்டும். அது சொல்வதை மறக்காமல் எழுதி வையுங்கள்!