ஷிஃப்ட் முடிந்தபின் இன்னொரு ஷிஃப்ட்

சுங்குவார்சத்திரத்தில் என் அக்கா மகள் தோழியோடு குடியிருக்கும் வாடகை வீட்டின் முன்னறையில் பாதியை ஆரி எம்பிராய்டரி ஸ்டாண்ட் அடைத்துக்கொண்டிருக்கும். போன மாதம் போனபோது அதில் மெரூன் பட்டுத்துணி இழுத்துக் கட்டியிருந்தது. பிளவுஸின் கைப் பகுதியில் ஒரு மயில். கழுத்து வரை ஜரியில் செயின் ஸ்டிச் ஓடியிருந்தது. தோகைக்கு வெள்ளைப் புள்ளிகளாக ட்ரேசிங் மட்டும்தான். சட்டத்துக்கு மேலே, துணியை எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு ரிங் லைட், நடுவில் போனை மாட்டும் பிடி. துணியில் விரல் வைத்தேன், தூசி ஒட்டியது.

"மயில் ஏன் பாதியில நிக்குது?"

"தோகை போடுறதுதான் சித்தி வீடியோவே. மூணு வாரமா மனசே வரல. ஊசியைக் கையில எடுத்தாலே எரிச்சலா வருது."

இதைச் சொன்னவள், செல்போன் ஆலையில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூக்கம் பிடிக்காத காலைகளில் ஒரு மணி நேரம் ஆரி போட்டுவிட்டுப் படுத்தால்தான் கண் அசரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். நான் டாக்டர் இல்லை. பல வருடமாக உடல்நலப் பக்கம் எழுதுகிறவள், அவ்வளவுதான். ஆனாலும் மருந்தே நோயாக மாறிய கதை இது என்பது அங்கேயே புரிந்தது.

வாசலில் ஒப்படைத்த போன்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் என்று நீளும் இந்தப் பக்கத்தில் கார், டயர், புல்லட், செல்போன் என எல்லாமே உருவாகின்றன. 1990-களின் கடைசியில் கார் ஆலை வந்தது, பிறகு செல்போன் வந்தது, அதன்பின் வெளியூர்ப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கும் ஊராக இது ஆனது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்த குடியிருப்பில் மட்டும் 18,720 படுக்கைகள்.

எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் பலவற்றில் சொந்தப் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் வைத்துவிட்டு, ஷிஃப்ட் முழுக்க யாருடைய போனுக்கோ பாகம் கோக்க வேண்டும். லைனில் ஒரு மணிக்கு இத்தனை என்று டார்கெட். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்பதைப் போர்டு சொல்லிக்கொண்டே இருக்கும். தண்ணீர் குடிக்கப் போனாலும் அந்த எண்ணிக்கை மனதுக்குள் ஓடும் என்பாள்.

ஷிஃப்ட் முடிந்து போன் கைக்கு வந்ததும் கம்பெனி பஸ்ஸில் சன்னலோர சீட்டில் அவள் முதலில் திறப்பது தன் ஆரி சேனலின் யூடியூப் ஸ்டுடியோ. கடைசி வீடியோ எத்தனை பார்வை என்பது மட்டுமல்ல, உன்னுடைய கடைசி 10 வீடியோக்களில் இது எத்தனையாவது இடம் என்றும் அது காட்டும். 9 என்றால் வீடு வந்து சேரும் வரை முகம் தொங்கிவிடும். ஆலையிலாவது போர்டை ஆலையோடு விட்டுவிட்டு வரலாம். இந்தப் போர்டு தலையணைக்கு அடியிலேயே கிடக்கிறது.

இலவச மருத்துவமனையில் பிறந்த சொல்

இப்படி எரிந்து தீர்வதை பர்ன் அவுட் என்கிறார்கள். பிடிக்காத வேலையைச் செய்து செய்து நொந்து போகிறவர்களுக்குத்தான் அது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லின் பிறப்பே வேறு மாதிரி. ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் நியூயார்க்கில் இருந்த உளவியலாளர். பகல் முழுக்கத் தன் சொந்த சிகிச்சை அறையில் வேலை. அது முடிந்ததும், கையில் காசில்லாத இளைஞர்களுக்கும் போதைப் பழக்கத்தில் மாட்டியவர்களுக்கும் நடந்த ஓர் இலவச மருத்துவமனைக்குப் போய் இரவு வெகுநேரம் வரை சம்பளமில்லாமல் உழைத்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆசைப்பட்டுச் செய்தது. அங்கே தன்னிடமும் கூட உழைத்தவர்களிடமும் பார்த்த களைப்பு, சிடுசிடுப்பு, வெறுமை ஆகியவற்றைத்தான் 1974-ல் அந்தப் பெயரில் எழுதினார். முதன்முதலில் எரிந்து தீர்ந்தது, மனசாரச் செய்த அந்த இரண்டாவது ஷிஃப்ட்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டில் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது. சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலையிடமிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, 'நம்மால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை' என்ற எண்ணம். இது நோய் அல்ல, வேலையோடு சேர்ந்து வரும் நிலை என்றும், வாழ்க்கையின் மற்ற விஷயங்களுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அப்படியென்றால் பொழுதுபோக்குக்கு எப்படிப் பொருந்தும்? வாரம் மூன்று வீடியோ, நேரம் தவறாத அப்லோட், இரவு 12 மணிக்கு கமெண்ட்டுக்குப் பதில் என்று வந்தபிறகு அதைப் பொழுதுபோக்கு என்று யார் சொல்ல முடியும்? சம்பளம் மட்டும்தான் இன்னும் வரவில்லை.

சம்பளத்துக்கான கணக்கையும் பார்த்துவிடலாம். விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களோடு, 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மற்றவர்கள் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வை. ஒருவர் சராசரியாக 3 நிமிடம் பார்ப்பதாக வைத்தால் 4,000 மணி நேரத்துக்கு 80,000 தடவை வீடியோ ஓடியாக வேண்டும். ஷார்ட்ஸ் வரிசையில் தள்ளிக்கொண்டே பார்க்கிற நேரம் இந்தக் கணக்கில் சேராது. இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "லைன் டார்கெட்டே தேவலை சித்தி, அது ஒரு நாள்ல முடிஞ்சிரும்."

ஸ்கெட்ச் பேனாவும் தங்க முத்திரையும்

1973-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் நடத்திய சோதனை நினைவுக்கு வருகிறது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் தானாகவே ஆசை கொண்ட பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்திடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்கு எதுவும் சொல்லவில்லை, வரைந்து முடித்தபின் திடீரென்று அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களை மேசையில் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசு உண்டு என்று தெரிந்து வரைந்த பிள்ளைகள், மற்ற பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் அந்தப் பேனாக்களோடு செலவிட்டார்கள். திடீர்ப் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை.

ஆக, குற்றம் பரிசின்மேல் இல்லை. 'இதற்காகத்தான் செய்கிறேன்' என்று மனசு மாற்றி எழுதிக்கொள்வதுதான் ஆசையைத் தின்கிறது. லைனில் பக்கத்தில் நிற்கும் பெண் தன் தங்கை கல்யாணத்துக்கு ஒரு பிளவுஸ் போட்டுத் தரச் சொல்லி, முடிந்தபின் இரண்டாயிரம் ரூபாயைக் கையில் திணித்த நாளில் இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி கூடக் கொஞ்சம் தையல் போட்டாள். தோகைக்கு எந்தக் கலர் நூல் கேமராவில் எடுப்பாகத் தெரியும் என்று யோசிக்க ஆரம்பித்த பிறகுதான் மயில் நின்றுபோனது.

விரல் சொல்வது

ஆரியில் ஒரு கை துணிக்கு மேலே ஊசியைப் பிடித்திருக்கும், மற்றது துணிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் நூலைக் கொக்கியில் மாட்டும். நிமிடத்துக்குப் பல தடவை மணிக்கட்டு ஒரே மாதிரி திரும்பும், கழுத்து குனிந்தே இருக்கும். லைனிலும் அதே விரல்கள், அதே மாதிரிச் சின்னச் சின்ன அசைவுகள். ஒரு நாளில் அந்தத் தசைநார்களுக்கு இரண்டு ஷிஃப்ட். படமெடுக்கும்போது நிலைமை இன்னும் மோசம். ஷாட்டில் நிழல் விழக்கூடாது என்று உடம்பைக் கோணலாக வைத்துத்தான் தையல் போட முடியும்.

பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ராத்திரியில் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று அர்த்தம் கொள்ளலாம். டாக்டர்கள் இதைக் கார்பல் டனல் என்பார்கள். பெருவிரலின் அடியில் மணிக்கட்டோரம் வலித்து, முறுக்கிப் பிழியும்போது சுரீர் என்றால் அது வேறு, அங்கே தசைநாரின் உறை வீங்கியிருக்கலாம். இரண்டுக்கும் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போனால் ஓய்வும் அதற்கேற்ற பட்டையும் பெரும்பாலும் போதும். கார்பல் டனலைத் தைலம் தேய்த்தே நீண்ட நாள் ஓட்டினால் பெருவிரலின் அடிச்சதையே வற்றவும் கூடும்.

தூக்கத்தைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும் உடம்புக்கு ஏற்கெனவே எது பகல், எது இரவு என்று தெரியாது. காலை 7 மணிக்கு வந்து ரிங் லைட்டைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூளை அதை விடியல் என்றே எடுத்துக்கொள்கிறது. பிறகு படுக்கையில் எடிட்டிங். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும், இவள் கணக்குச் சொன்னபோது 5-ஐத் தாண்டவில்லை.

எல்லாக் களைப்பும் பர்ன் அவுட் அல்ல

ஒரு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும் இதே களைப்பு, இதே எரிச்சல், கையிலும் மரமரப்பு. ஆகவே 'எனக்கு பர்ன் அவுட்' என்று தானே முடிவு கட்டும் முன் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பார்ப்பது நல்லது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கும். சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பதைத் தவிர அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டினால் பரிசோதனையும் மேல்மருத்துவமனைச் சீட்டும் கிடைக்கும். டாக்டர் ஓய்வு எழுதித் தந்தால், சந்தா நிபந்தனை சரியாக இருக்கும்பட்சத்தில், வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதமும் உண்டு.

மனச்சோர்வு நோய் இன்னொன்று. சேனலை மூடிவைத்த ஞாயிற்றுக்கிழமை மனசு லேசாகிறது, ஊருக்குப் போனால் சிரிப்பு வருகிறது என்றால் எரிச்சல் அந்த வேலையோடு ஒட்டியிருக்கிறது. ஊருக்குப் போயும், அம்மா கைச்சோறு சாப்பிட்டும், இரண்டு வாரமாக எதிலும் ருசியில்லை, பசி தூக்கம் கெட்டிருக்கிறது, இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104-ஐ அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

ரோஸ் நூல்

'கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு' என்று சொல்வது சுலபம். ரெஸ்ட் எடுத்தால் சேனல் செத்துவிடும் என்பதுதான் இவர்கள் எல்லோருடைய பயமும். 2019 இறுதியில் யூடியூபின் அன்றைய தலைமை அதிகாரி சூசன் வோஜ்சிக்கி, இடைவெளி விட்டுத் திரும்பியவர்களுக்குச் சராசரியாக முன்பைவிடப் பார்வை கூடியிருந்தது என்று எழுதினார். கடை நடத்துகிறவர் சொல்லும் கணக்கு என்பதால் நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் இங்கிலாந்தின் யூடியூபர் டாம் ஸ்காட், பத்து வருடம் வாரம் தவறாமல் வீடியோ போட்டுவிட்டு, 2024 ஜனவரி 1-ஆம் தேதி வாராந்திர ஓட்டம் போதும் என்று தானாகவே நிறுத்திக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. அவளிடமும் சொன்னேன்.

அவள் சேனலை மூடவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கமெண்ட்டுகளில் அவளுக்குக் கிடைத்த அக்காமார்களும் தங்கைகளும் நிஜம். ஸ்டுடியோ செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, ஞாயிறு மட்டும் தோழியின் லேப்டாப்பில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் படமெடுப்பதில்லை. வாரம் மூன்று என்பது மூன்று வாரத்துக்கு ஒன்றானது. பார்வை குறைந்தது உண்மைதான், முதல் பத்து நாள் அதற்காக அழவும் செய்தாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9 இருந்தது, மாத்திரை ஓடுகிறது.

நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அந்த மெரூன் துணி மட்டும் வீடியோவுக்கு வேண்டாம், உனக்கு.

நேற்று போனபோது ரிங் லைட் பீரோ மேல் கிடந்தது. சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தோகையில் பாதி முடித்திருந்தாள். பச்சையும் நீலமும் போட வேண்டிய இடத்தில் ரோஸ் நூல்.

"மயிலுக்கு ஏதுடி ரோஸ் தோகை?"

"யாரு பார்க்கப் போறா சித்தி?" என்று சொல்லிவிட்டு, துணிக்கு அடியில் இருந்த கையை வெளியே எடுக்காமலே அடுத்த கண்ணியைப் போட்டாள்.