12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் மலை

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தப் பெயரைத் தந்த பூவை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? ஊர்ப்பக்கம் போகும் அன்பர்கள் கேரளத்து மூணாறுக்கும் ஒரு நடை போய் வரலாம்.

மூணாறு தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே லயங்களில் வாழ்ந்து கொழுந்து பறிக்கிறார்கள். தமிழ் பேசியே வழி கேட்கலாம்.

ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் இரவிகுளம் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடிச் சிகரம் (2,695 மீட்டர்) இங்குதான் இருக்கிறது. வனத்துறை பஸ் ராஜமலையில் இறக்கிவிடும், அப்புறம் நடைதான். குளிருக்குக் கம்பளிச் சட்டை அவசியம். வரையாடுகள் மனிதருக்கு அஞ்சாமல் பாதையோரம் மேயும். அவை குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள்.

முதல் பார்வைக்கு, "இது வெறும் புல்தானே!" என்று தோன்றும். குனிந்து பாருங்கள். காசித்தும்பை இனப் பூக்கள், தரையில் முளைக்கும் ஆர்க்கிட், பூச்சியைப் பிடித்துத் தின்னும் சிறு செடி எல்லாம் அந்தப் புல்லுக்குள்ளேதான் இருக்கின்றன. மழையை உறிஞ்சி வைத்துக் கீழே ஓடைகளாக விடுவதும் இந்தப் புல்லும் பள்ளங்களில் அடர்ந்த சோலைகளுமே.

சுற்றுமலைகள் தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் போயின. வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்கென ஒதுக்கி வைத்ததால் இந்த இடம் தப்பியது. மலைவாழ் முதுவர்கள் காவல் இருந்தார்கள். 1975இல் சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் அரசு அறிவித்தது.

நீலக்குறிஞ்சி இந்தப் புல்வெளியில்தான் வளர்கிறது. 12 ஆண்டுகள் பச்சைப் புதராக நின்று, ஒரே பருவத்தில் மலை முழுவதும் நீலமாகப் பூக்கிறது. பிறகு விதை உதிர்த்துச் செடி மடிந்துவிடுகிறது. 2006இல் பூத்தது. 2018இல் பூத்தபோது, கேரளத்துப் பெருவெள்ளம் பலரை வரவிடாமல் செய்தது. அடுத்து 2030இல், ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை எதிர்பார்க்கலாம்.

வாழையும் தென்னையும் போல மறு ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு இந்தச் செடியிடம் நடக்காது. ஆசைக்கு ஒரு கொத்து ஒடித்தால், அதன் விதையும் அதோடு போயிற்று. பறிப்பது சட்டப்படியும் குற்றம்.

2030இல் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கண்ணால் பார்த்து, கைபடாமல் திரும்புங்கள். 2042இல் அவர்கள் தம் பிள்ளைகளை அழைத்துப் போகட்டும்!