இலவச நாணயம்: பதிலுக்குக் கேட்கப்படுவது என்ன?

வாவியில் தூண்டில் போடுபவர் இரைக்காக மீனிடம் காசு கேட்பதில்லை. கையடக்கத் தொலைபேசியில் வரும் "இலவச கிரிப்டோ நாணயம்" பற்றி எம்மிடம் வினவும் குடும்பங்களுக்கு நாம் முதலில் சொல்வது இதுவே.

இலவசமாகத் தருவது ஏன்?

கிரிப்டோ நாணயம் தாளோ உலோகமோ அல்ல. கணினி வலையமைப்பில் பதியப்படும் ஒரு கணக்கு. பலர் வைத்திருந்தால்தான் அதற்கு விலை பிறக்கும். ஆகவே, அதனை உருவாக்குவோர் ஒரு பகுதியை 'டோக்கன்' என்ற பெயரில் இலவசமாகப் பகிர்கின்றனர். பெரும்பங்கைத் தாமே வைத்திருந்து, விலை ஏறியதும் விற்போரும் உண்டு. எல்லாமே மோசடி என்று நாம் கூறவில்லை. ஆனால் இது தருமம் அல்ல, விளம்பரம்.

கென்யா தரும் பாடம்

2023இல் நைரோபி நகரில் மக்கள் நீண்ட வரிசையில் நின்று, தமது கருவிழியைப் படம்பிடிக்கக் கொடுத்து, 'வேர்ள்ட்கொயின்' டோக்கன்களைப் பெற்றனர். அவற்றின் பெறுமதி ஏறக்குறைய 7,000 கென்ய ஷில்லிங். அவ்வாண்டு ஆகஸ்டில் அரசு அதனை இடைநிறுத்தியது. 2025 மே மாதம் மேல் நீதிமன்றம் அப்பதிவுகளை அழிக்குமாறு கட்டளையிட்டது. அடையாள அட்டை தொலைந்தால் வேறொன்று எடுக்கலாம். கண்ணை மாற்ற முடியுமா?

இடம்பெயர்ந்த எமது மக்களுக்கு இதில் தனியான ஆபத்து உண்டு. நிவாரணத்திற்காக வரிசையில் நின்று, கேட்டவர்க்கெல்லாம் பெயரும் அட்டை இலக்கமும் கொடுத்துப் பழகிவிட்டோம். "ஏன் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கும் வழக்கம் எம்மிடம் குறைவு.

சட்டம் என்ன செய்யலாம்?

2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம், உண்மையான இலவசப் பகிர்வுக்கு விதிவிலக்கு அளிக்கிறது. ஆனால் பதிலுக்குத் தனிப்பட்ட விபரங்களைக் கேட்டால் அது இலவசம் ஆகாது என்கிறது. பிரித்தானியா அதே ஆண்டு ஒக்டோபர் முதல், ஆள் சேர்ப்பதற்கான வெகுமதியைத் தடைசெய்தது. புதியவர் முதலிடுமுன் 24 மணிநேரம் பொறுத்திருக்கவும் விதித்தது.

எமது நாட்டில் 'ஸ்போர்ட்ஸ் செயின்', 'எம்.டி.எப்.ஈ.', 'ஒன்மக்ஸ் டி.டி.' போன்றவற்றை மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களாக அறிவித்துள்ளது. ஆனால் பலர் பணத்தை இழந்த பின்னரே இத்தகைய அறிவித்தல்கள் வருகின்றன. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. எனினும் 2025 மார்ச்சில் தொடங்கவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன.

எனவே அரசிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு:

1. அடையாள அட்டை, முகம், கருவிழி போன்றவற்றைக் கேட்கும் எந்தப் பகிர்வையும் விற்பனையாகவே கருதிப் பதிவு செய்விக்க வேண்டும்.
2. ஆள் சேர்த்தால் வெகுமதி என்பதை முற்றாகத் தடுக்க வேண்டும்.
3. உருவாக்கியவர் கையில் எவ்வளவு உள்ளது, எப்போது விற்கலாம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடச் செய்ய வேண்டும்.
4. முறைப்பாடு செய்யக் கொழும்புக்கு அலையாமல், பிரதேச செயலகத்திலேயே வழி வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதனைப் பேசுங்கள். இலவசம் என்று எவர் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: தருபவர் யார்? பதிலுக்கு எதைக் கேட்கிறார்? நாளை பிரச்சினை வந்தால் அவரை எங்கே காணலாம்? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைக்கும்வரை அடையாள அட்டையை வெளியே எடுக்காதீர்கள்.